உதட்டுக்குள் ஒன்பது பருக்கள்

எட்டு வயதில் என் கீழுதட்டின் உட்பக்கம் ஒன்பது பருக்கள் இருந்தன. எண்ணிக்கை சரிதான், அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்துவைத்துத் தினமும் எண்ணியவள் நான். சதை நிறத்தில் மெத்தென்று இருக்கும். உதட்டை இழுத்துப் பிடித்தால் காணாமல் போகும், விட்டால் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இந்த வித்தையைக் காட்டிக் கொஞ்சம் பெயரும் வாங்கியிருந்தேன்.

அப்பா அப்போது மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல்காரர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். வந்த புதிதில் அவரிடம் ஒட்ட மாட்டேன். ஒட்டிக்கொண்ட பிறகு அவர் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார். அந்த முறை புறப்பட ஐந்து நாள் இருக்கும்போதுதான் என் உதட்டைப் பார்த்தார். அம்மா, சூட்டுக் கொப்புளம், தானே அமுங்கிவிடும் என்றாள். அப்பா கேட்கவில்லை. காரைக்குடிக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். மரு மாதிரி இதுவும் ஒரு வைரஸால் வருவது, அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு வரும், பயப்பட ஒன்றுமில்லை, தானாகவே போய்விடும் என்றார். பிறகு என்னிடம், "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

அதுவரை ஒருநாளும் வலித்ததில்லை. ஆனால் அப்பா என் முகத்துக்கு அருகே குனிந்து பதிலுக்காகக் காத்திருந்தார். "ரொம்ப வலிக்குது" என்றேன். டாக்டரம்மா என்னை வாய் கொப்பளிக்க அனுப்பிவிட்டு அப்பாவிடம் ஏதோ பேசினார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில் அப்பா என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பிள்ளைக்கு வாயி ஆறட்டும். டிக்கெட்ட மாத்திக்கிறேன்" என்றார்.

என் பொய்க்கு இத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்குத் தண்டனையும் இருந்தது. காரம் கிடையாது. கோழி வறுப்பதில் பேர்போன மனிதர் எனக்காக மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, ஆறவைத்து, ஊட்டிவிட்டார். நானும் வாய்க்கு வாய் முகத்தைச் சுளித்துக் காட்டினேன். "எரியுதா, ஆத்தா?" என்பார். தலையாட்டுவேன். இப்படிப் பதினெட்டு நாள். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை. இன்றைக்கும் கீரைக் கூடையைப் பார்த்தால் அப்பாவின் மடிக்கு ஏங்குகிறேன்.

பத்தொன்பதாம் நாள் கானாடுகாத்தானிலிருந்து அம்மாவின் அண்ணன், என் மாமா, ஆட்டுக்கறியோடு வந்தார். "என்ன மாப்ள, இன்னும் கெளம்பாம இருக்கீக? அங்குட்டு வேற ஆளப் போட்டுறப் போறாக" என்றார்.

"பிள்ளைக்கு இன்னும் வலி இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா அடுப்படிக்குப் போய் உப்புக்கறி சமைத்தார். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் எண்ணெயில் வதங்கும் வாசனை வந்ததும் என் வைராக்கியம் ஆட்டம் கண்டது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கீரையை ஒதுக்கிவிட்டுச் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. மிளகாயோடு சேர்த்து மென்று, "இன்னுங் கொஞ்சம் வைங்கப்பா" என்று தட்டை நீட்டியபோதுதான் எல்லோரும் என்னையே பார்ப்பது தெரிந்தது.

"வாயி ஆறிருச்சு போலயே" என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

மறுவாரம் அவர் விமானம் ஏறினார். அடுத்து வர மூன்று வருஷம் ஆயிற்று. பருக்கள் அதற்குள் எப்போது மறைந்தன என்றே தெரியவில்லை. எண்ணுவதை நான் விட்டிருந்தேன்.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். "அது வலிக்கவே வலிக்காதுன்னு டாக்டரம்மா அன்னைக்கே ஒங்கப்பாகிட்டச் சொல்லிட்டாகடி. பொய் சொல்ற பிள்ளையக் கண்டிக்கக் கூடாதான்னு கேட்டேன். சொல்லட்டும், வலிக்குதுன்னு அது சொல்ற வரைக்கும் நான் இங்கன இருப்பேன்லன்னாக ஒங்கப்பா."

உப்புக்கறி சாப்பிட்ட அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் சாப்பிடுவதைப் பார்த்து அப்பா முகம் வாடியது அதுதான் முதல் தடவை. தனக்கென்று எடுத்துவைத்திருந்த கறியையும் என் தட்டில் போட்டுவிட்டு, வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பங்கு போன வருத்தம் போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவர் முழங்காலைத் தொட்டு, "அடுத்த தடவ நீங்களே சாப்பிடுங்கப்பா, நான் கேக்க மாட்டேன்" என்று சமாதானம் சொன்னேன்.