எதிர்த் தோட்டத்து வணக்கம்

கருவிழி மங்கியிருந்த காலத்திலும் நான் நடைமுறை தவறியதில்லை. அலுவலகத்தில் தலைமை எழுத்தராக, பிரதம லிகிதராக, இருந்து ஓய்வுபெற்றவன் அல்லவா? தினமும் காலையில் எதிர் மரக்கறித் தோட்டத்தில் நிற்கும் தோட்டக்காரர் முத்தையாவுக்குக் கையுயர்த்தி வணக்கம் சொல்வேன். பதில் வராது. என்ன கோபமோ என்று வருந்தினேன். ஒருநாள் அவரும் கையுயர்த்தினார். அன்றிலிருந்து தவறவேயில்லை.

கண்டியில் கருவிழி மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து, பார்வை தெளிந்த காலையில் பார்த்தேன். கோவா என்கிற முட்டைக்கோசுப் பாத்தி நடுவே கையுயர்த்தி நின்றது, கிழிந்த கோட்டு போட்ட, பன்றி விரட்டும் பொம்மை!

மாலையில் கேட்டபோது முத்தையா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்நேரம் நான் சந்தையில இருப்பேங்க ஐயா. பதில் வரலன்னு நீங்க வாடுறதா உங்க வீட்டம்மா சொன்னாங்க. அதான் பொம்மை கைய தூக்கிக் கட்டிட்டேன்."

மறுபரிசோதனைக்குப் போனபோது, பார்வை வந்தபின் வாழ்க்கை எப்படி என்று டாக்டர் கேட்டார்.

"வணக்கம் சொல்ல இன்னும் ஒருவர் கூடியிருக்கிறார்" என்றேன். மாலையில் முத்தையாவுக்கு, காலையில் வழக்கம்போல் பொம்மைக்கு. பார்வை வந்துவிட்டது என்பதற்காகப் பொம்மையைக் கைவிடுவது முறையல்லவே.