ஓடைப் பாலத்தடியில் அழிந்த பொட்டு

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர்த் தோட்டம். அதன் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. விடிவதற்கு முன்பே தாய்மார் பால் வெட்டப் போய்விடுவார்கள். அவர்கள் இடுப்பில் இருந்த பிள்ளைகள் என் இடுப்புக்கு மாறும். பதினான்கு பேர். பதினைந்தாவதாக ஒருத்தி வந்தாள். மூன்று வயது. ஓடைக்கு அப்பால் உள்ள சிங்களக் கிராமத்துப் பிள்ளை; லயத்துப் பேச்சில் 'நாட்டுப் புள்ளை'. அவள் தாய் தோட்டத்தில் புதிதாகப் பால் வெட்ட வந்திருந்தாள்.

வெயில் ஏறியதும் முகம் கழுவி, பவுடர் பூசி, வரிசையில் நிறுத்தி நெற்றியில் ஒரு பொட்டு வைப்பேன். அவளுக்கும்தான். கண்ணை இறுக மூடி, நாடியை உயர்த்திக்கொண்டு நிற்பாள், மழைக்குக் காத்திருக்கும் இலை மாதிரி.

"நாட்டுப் புள்ளைக்கும் நம்ம பொட்டா டீச்சர்? ஒங்க புள்ளைன்னே சொல்லலாம்!" என்று லயத்துப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. என் மடுவத்தில் யாரும் வேறில்லை, பார்த்தீர்களா என்று.

ஒரே குறை, மத்தியானத்துக்குள் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்துவிடும். கடைவீதியில் ஒரு சாந்துப் போத்தல் வாங்கினேன். குளித்தாலும் அழியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். சொன்னது உண்மைதான்.

மறுநாள் அவள் வந்தபோது நெற்றியின் நடுவே தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்ன இது, விழுந்துட்டாளா?"

தாய் பால் வாளியைக் கை மாற்றிக் கொண்டாள். "அனே டீச்சர், கோவிக்க வேணாம். நான்தான் தேங்காத் தும்பால தேச்சேன். போகல்ல."

பிறகு தமிழும் சிங்களமுமாக எல்லாம் வந்தது. கணவனின் தம்பி வடக்கில், போர்முனையில் சிப்பாய். மூன்று மாதமாகக் கடிதமில்லை. நடமாட முடியாத மாமியார் வாசலையே பார்த்தபடி இருக்கிறாள். அந்த வாசலில் பேத்தி பொட்டோடு வந்து நின்றால்? அதனால் தினமும் ஓடைப் பாலத்தடியில் பிள்ளையை நிறுத்தி, தலையில் கட்டிய துணியை நனைத்து, என் பொட்டைத் துடைத்துவிட்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள். நேற்று அழியவில்லை. மாமியார் பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை கண்டால் பிள்ளையை அனுப்ப விடமாட்டேன் என்றிருக்கிறாள். பிள்ளையை விட இடமில்லையென்றால் இவளுக்கு வேலையும் இல்லை.

"இத்தன மாசமா ஏங்க சொல்லல்ல?"

"சொன்னா, டீச்சர் புள்ளைய வேணாம்னுட்டா?"

நான் கதவைத் திறந்து வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். அவள் அந்தக் கதவை ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து கடந்திருக்கிறாள்.

அன்று பொட்டு வைக்கும்போது அந்தப் பிள்ளையைத் தாண்டிப் போனேன். பிள்ளைகள் விளையாட ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் கண்ணை மூடி, நாடியை உயர்த்தி, நின்ற இடத்திலேயே நின்றாள். நேரம் போனது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"மட்டத், டீச்சர்." எனக்கும் என்கிறாள்.

அந்தக் காயம் பட்ட நெற்றியைப் பார்க்க முடியவில்லை. என்ன செய்வேன்? கைக்குழந்தைகளுக்குக் கண்ணூறு படாமல் உள்ளங்காலில் பொட்டு வைப்போமே, அது சட்டென்று ஞாபகம் வந்தது. மடியில் உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கினேன். சாந்துக் குச்சி பட்டதும் கூச்சத்தில் கெக்கலித்துச் சிரித்து உதைத்தாள். பாதிப் போத்தல் என் சேலையில்.

மறுநாள் ஒருத்தரும் நெற்றியை நீட்டவில்லை. பதினைந்து பேரும் பாயில் மல்லாந்து காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தார்கள். "இனி மொகம் கழுவுற தண்ணியாவது மிச்சம் டீச்சர்" என்றாள் லயத்துத் தாய் ஒருத்தி.

அன்று மத்தியானம் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அந்தத் தாயின் கை, பழக்கத்தில் தலைத் துணியை அவிழ்த்தது. குனிந்தாள். நெற்றியில் துடைக்க ஒன்றுமில்லை. மகள் வலது காலைத் தூக்கிக் காட்டினாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தப் பொட்டின் மேல் செருப்பை மாட்டிவிட்டாள்.

இன்றும் யாரையாவது "வாங்க, வாங்க" என்று வாய் நிறைய அழைக்கும்போது, திரும்பிப் போகும் வழியில் இவர் எந்த ஓடையில் எதைத் துடைக்க வேண்டியிருக்குமோ என்று மனம் ஒரு கணம் நின்றுதான் போகிறது.