டப்பாவின் அடியில் ஓர் எழுத்து

தவமணி மனிதர்களை எடைபோடுவது அவர்கள் கை கழுவும் விதத்தை வைத்துத்தான். படிப்பு, வீடு, கோயில் நிர்வாகசபையில் பதவி எதுவும் அவளிடம் செல்லாது. சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, இருபது விநாடி குழாயடியில் நின்றால் அவர் மனிதர். இரண்டு விரலை நனைத்துக் காற்சட்டையில் துடைத்தால் அது வேறு இனம். இந்தக் கணக்கில் கனடாவின் ஸ்காபரோவில் மனிதர்கள் மிகச் சிலரே என்பது அவள் கண்ட முடிவு. கல்யாண மண்டபத்தில் பரிமாறுகிறவன் மூக்கைச் சொறிவதைப் பார்த்துவிட்டால் போதும், மணமக்களை வாழ்த்திவிட்டுப் பட்டினியாக வீடு திரும்புவாள். அவள் கணவர் விநாயகமூர்த்தி, ஆட்டிறைச்சி வாசத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பார்.

தொண்ணூற்றேழில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவள். முதல் எட்டு வருடம் ஒரு கோழித் தொழிற்சாலையில் குளிரில் விறைத்தபடி நெஞ்செலும்பு பிரித்தாள். கிருமி என்று ஒன்று உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பஞ்சுக்குச்சியில் ஒற்றி எடுத்தால் அகப்படும் என்று அங்கேதான் கண்டாள். கடவுளைப் பற்றிச் சொன்னவர்கள் இப்படி ஒரு அத்தாட்சியைக் காட்டியதில்லை. பிறகு சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போய் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்தாள். தொண்ணூற்றொரு புள்ளி. டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பார்ட்மென்டில், மற்ற வீடுகளில் மகள் பெரியவளான சாமத்தியவீட்டுப் படம் தொங்குகிற சுவரில் அந்தச் சான்றிதழ் தொங்குகிறது.

பதினொரு வருடமாக அவள் கோணேஸ்வரனின் சம்பல் தொழிற்சாலையில் துப்புரவுக்குப் பொறுப்பு. தேங்காய்ச் சம்பல் அரைத்து, டப்பாவில் அடைத்துத் தமிழ்க் கடைகளுக்குப் போடுகிற இடம். சேர்ந்த முதல் நாள் அரைக்கிற மெசினைக் கழற்றியபோது உள்ளே இருந்ததை அவள் யாரிடமும் சொல்வதில்லை. பக்கத்தில் யாராவது சம்பலோடு பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மட்டும் சொல்வாள். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் மெசினை ஆணி ஆணியாகக் கழற்றி, வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பிக் கழுவுகிறாள். கோணேஸ்வரன் அவளை வெளியாட்களுக்கு அறிமுகப்படுத்துவது, "உவ எங்கடை கழுவுற அக்கா" என்று. அந்த நேரங்களில் தவமணி அவருடைய கையைப் பார்ப்பாள். கழிப்பறையிலிருந்து மூன்று விநாடியில் வெளியே வருகிற கை அது.

அவளுடைய மதிப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் திகதியும் தொகுதி எண்ணும் அச்சாகும். கடைசியில் ஒரே ஒரு எழுத்து. அன்று எல்லாம் சுத்தம் என்று பார்த்துச் சரக்கை வெளியே விட்டவருடைய பெயரின் முதல் ஆங்கில எழுத்து. பதினொரு வருடமாக அது T. கடைக்குப் போனால் டப்பாவைத் தூக்கி அடியைப் பார்ப்பாள். கடைக்காரர், மனுசி திகதி பார்க்கிறா என்று நினைத்துக்கொள்வார்.

போன வருடம் கோணேஸ்வரனுக்குப் பெரிய ஆசை வந்தது. ஒரு பெரிய சுப்பர் மார்க்கெட் நிறுவனம் சம்பலை எடுக்கத் தயார். ஆனால் குளிர்ப்பெட்டியில் இருபத்தொரு நாள் பழுதாகாது என்று ஆராய்ச்சி செய்து காட்டவேண்டும். ஒரு கல்லூரியின் உணவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நிலக்சி என்ற பெண் வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கை கழுவினாள். தவமணி மனதுக்குள் எண்ணினாள். இருபத்திரண்டு விநாடி. அப்போதே அந்தப் பிள்ளைக்காக உயிரையும் விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அன்ரி, மெசின் லைனிலை ஓடுறதிலை அஞ்சு டப்பா எடுங்கோ. நல்லது பாத்துத் தெரிஞ்செடுக்க வேண்டாம், just random. எடுத்த ஆள் இந்த ஃபோர்மிலை சைன் வைக்கவேணும். Basically உங்கடை சைனை நம்பித்தான் எங்கடை முழு ஸ்டடியும்."

"நீ யோசியாதை பிள்ளை," என்றாள் தவமணி.

மாதிரி அனுப்பும் நாள் காலையில், அஜக்ஸ் நகரத்து வீட்டிலிருந்து கோணேஸ்வரனின் மனைவி பரிமளம் வந்து இறங்கினாள். கையில் ஐந்து டப்பா. வீட்டிலே தானே துருவி, தானே குழைத்து அடைத்த சம்பல். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் நெரிசலாம், வர ஒரு மணித்தியாலம் பிடித்ததாம். டப்பாக்கள் காரின் பின் சீற்றில் வெயில் காய்ந்துகொண்டு வந்திருந்தன.

"ஆராய்ச்சிக்குப் போற சாமான், மெசினிலை அரைச்சதையோ குடுக்கிறது? வெள்ளையள் தின்னப்போகினம். நான் கைப்பட உப்புப் புளி பாத்துக் குழைச்சனான்."

உப்புப் பார்த்த விரல் எத்தனை தரம் வாய்க்கும் சம்பலுக்கும் போய்வந்திருக்கும் என்று தவமணி கணக்குப் போட்டாள். ஆறு தங்கக் காப்பு. காப்புக்கிடையில் நேற்றைய மாவின் மிச்சம்.

"உது பிழை. லைனிலை எடுக்கச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை சொன்னவள்," என்றாள்.

கோணேஸ்வரன் சிரித்தார். "அக்கா, வீட்டுக்கு ஆள் வந்தால் கண்ணாடி அலுமாரிக்குள்ளை இருக்கிற கோப்பையைத்தானே எடுக்கிறனீங்கள்? அப்பிடித்தான் இதுவும். பேசாமல் சைனை வையுங்கோ."

நம்முடைய சனத்துக்கு ஆராய்ச்சியும் ஒரு விருந்தாளிதான். வந்த ஆளுக்கு வீட்டின் நல்ல முகத்தைக் காட்டி, தேத்தண்ணி கொடுத்து, சந்தோசமாக அனுப்பிவிடவேண்டும். டொக்டரிடம் நோயைக் காட்டப் போகும்போதே பவுடர் பூசிக்கொண்டு போகிற சனம், சம்பலை மட்டும் உள்ளபடி காட்டுமா?

தவமணி சைன் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால், விநாயகமூர்த்தியின் முழங்கால் சத்திரசிகிச்சை, ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்று ஆயிரம் சொல்லலாம். பயந்தாள், அவ்வளவுதான். ஊரெல்லாம் கை கழுவும் அழகைப் பார்த்து முகம் சுளித்தவள், காப்புக் கை குழைத்த சம்பலுக்குத் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். வழமைப்படி அன்றைய தொகுதியில் இரண்டு டப்பாவைக் குளிர் அறையின் கீழ்த்தட்டில் எடுத்து வைத்தாள். அதுவும் பழக்கம்தான், வீரம் இல்லை.

எட்டாம் நாள் நிலக்சி முகம் வாடி வந்தாள். ஐந்து டப்பாவும் பெயில்.

"இது தோலிலை, மூக்கிலை இருக்கிற கிருமி. ஆரோ வெறுங்கையாலை குழைச்சிருக்கினம். சூட்டிலையும் இருந்திருக்கு. ஆராவது இதைச் சாப்பிட்டிருந்தால் they'd be really sick."

முடிவு கேட்கவென்று வந்திருந்த பரிமளம் சேலைத் தலைப்பை இழுத்துக் காப்புகளை மூடினாள். கோணேஸ்வரன் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை.

"கழுவல் பிழைச்சுப் போச்சு. அக்காவுக்கும் வயசு போட்டுது, முந்தி மாதிரி ஏலாது. ஆளை மாத்துறன் பிள்ளை."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். தவமணிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அவள் பதினொரு வருடம் கழுவிய மெசின் அது. அதன் ஒவ்வொரு ஆணியும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

"உது மெசின் சம்பலில்லை!" என்றாள். "உவ வீட்டிலை கையாலை குழைச்சுக் கொண்டந்தது. லைனிலை எடுத்ததெண்டு நான்தான் பொய்க்குச் சைன் வைச்சனான். லைன் சம்பல் உள்ளை இருக்கு, எடுத்துக்கொண்டு வாறன், சோதிச்சுப் பார்!"

பரிமளம் வாயில் கை வைத்தாள். "ஐயோ, நான் சும்மா ருசி பாக்கவெல்லோ கொண்டந்து வைச்சனான்! உவ டப்பாவை மாறி அனுப்பிப்போட்டா."

"எனக்கு உது ஒண்டும் தெரியாது," என்றார் கோணேஸ்வரன், சுவரிலிருந்த முருகனைப் பார்த்து.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தவமணி இரண்டு டப்பாவையும் கொண்டுவந்து நிலக்சியின் முன்னால் வைத்தாள். அந்தப் பிள்ளை அவற்றைத் தொடவில்லை.

"அன்ரி, நான் உங்களை நம்புறன். ஆனா இதை எடுக்க ஏலாது. இதுவும் நீங்கள் எடுத்து வைச்சதுதானே. ஃபோர்மிலை உங்கடை சைன் மட்டும்தான் இருக்கு. நான் எங்கடை ஆக்களுக்கு அதை report பண்ணத்தான் வேணும். I'm sorry."

அவள் சத்தம் போட்டிருந்தால் தவமணி தாங்கியிருப்பாள். அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்.

இரண்டாவது தரம் நிலக்சியே வந்து, தானே லைனில் ஐந்து டப்பா எடுத்தாள். தவமணி பேனையை எடுத்தபோது, "இல்லை அன்ரி, நீங்கள் சைன் வைக்க வேண்டாம்," என்றாள். இருபத்தொரு நாளும் சம்பல் துளி பழுதாகாமல் நின்றது. மெசின் அவ்வளவு சுத்தம் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரியும் இருந்ததாம். கோணேஸ்வரன் தவமணியை நிறுத்தவில்லை. அவரிடம் இரக்கம் இருந்தது என்று யாரும் அவசரப்பட்டு நினைக்கவேண்டாம். அந்த மெசினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த வேறு ஆள் கிடைக்கவில்லை, அதுதான் சங்கதி. சரக்கை வெளியே விடுவதற்கு மட்டும் பொய்க் கையெழுத்து வைத்தவர் ஆகாது என்று நிலையம் எழுதியிருந்தது.

ஆறு கிழமை கழித்து விநாயகமூர்த்தி சுப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். மூடியில் பரிமளத்தின் படம். ஆறு காப்பும் தெரிய வெறுங்கையால் சம்பல் குழைக்கிறாள். கீழே, 'பரிமளம் அக்காவின் கைப்பக்குவம்' என்று பொன்னிற எழுத்து.

"நல்லாத்தானே எடுத்திருக்கினம் படத்தை," என்றார் விநாயகமூர்த்தி, பாணைப் பிய்த்தபடி.

தவமணி படத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தாள். திகதி. தொகுதி எண். கடைசியில் K. மூன்று விநாடிக் கைக்காரன் கோணேஸ்வரனின் K.

"என்னப்பா, திகதி முடிஞ்சு போச்சோ?"

"இல்லை," என்றாள் தவமணி. "திகதி எல்லாம் சரியாத்தான் கிடக்கு. நீங்கள் சாப்பிடுங்கோ."