கோடு விழாமல்

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அவள் பொம்மை விமானத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருக்கிறாள், முடித்துவிட்டுத்தான் வருவாள் என்று சொல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. நான் அப்போது நான்காம் வகுப்பு. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, நடு ஹாலில் நின்று, அதைச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

நாங்கள் புனேயில் ஔந்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். கோயமுத்தூரில் அவர்களுடைய அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, அத்தையைப் படிக்க வைத்து வேலைக்குச் சேர்த்துவிட்டது வரை எல்லாம் அப்பாதான். அதனாலோ என்னவோ, கணினி நிறுவனத்தில் மேலதிகாரியையே எதிர்த்துப் பேசுகிற அத்தைக்கு, அப்பாவின் முகத்தைப் பார்த்து மட்டும் 'மாட்டேன்' என்ற சொல் வராது. கல்யாணப் பேச்சை எடுத்தால் "பாக்கலாங்கண்ணா" என்பாள். அவளுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்பது வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அப்பாவோ 'பாக்கலாம்' என்றால் பார்க்கலாம் என்றுதான் பொருள் என்று நம்பி, வரன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சமையலறையை ஒட்டித் துணி துவைக்க ஒரு சின்ன இடம் உண்டு. இந்த ஊரில் அதை டிரை பால்கனி என்பார்கள். எங்கள் வீட்டில் அதன் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது அத்தையின் ராஜ்யம். வாஷிங் மெஷின்மேல் பழைய நாளிதழை விரித்து, முகமூடி கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த முழ நீள விமானங்களுக்கு ஏர்பிரஷ்ஷால் சாயம் தூவுவாள். பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த கருவி அது. தலையில் சாயம் ஊற்ற ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும், பின்னாலிருந்து ஒரு குழாய், காற்றடிக்கும் கம்ப்ரசருக்குப் போகும். பெட்டிமேல் அச்சடித்திருக்கும் படத்தைப் பார்த்து அடிப்பது அவளுக்குப் பிடிக்காது. சண்டை விமானத்துக்குச் சாயங்கால வானத்தின் நிறத்தைக் கொடுப்பாள். வயிற்றில் ரோஜா நிறம், முதுகில் கருநீலம். இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் வித்தை. கருவியைத் தள்ளிப் பிடித்து, கையை ஓரிடத்திலும் நிற்கவிடாமல், இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தூவிக்கொண்டே போவாள். கடைசியில் ரோஜா எங்கே முடிந்தது, நீலம் எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நான் சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பேன்.

அம்மாவுக்குக் கம்ப்ரசர் சத்தம் ஆகாது. "தோசை ஆறுது, தின்னுட்டுப் போயி அடி" என்று குரல் கொடுப்பாள். அத்தை கருவியில் தண்ணீர் ஊற்றி ஒரு தரம் பீய்ச்சிக் கழுவிவிட்டு வந்து உட்காருவாள். தின்று முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஆபீஸ் அழைப்பு வந்தாலும் அப்படித்தான். சில விமானங்கள் அடுத்த ஞாயிறு வரை பாதி வானத்தோடு அலமாரிமேல் காத்திருக்கும்.

அந்த ஞாயிறு வந்தவர்கள் கட்கியில் நெடுங்காலமாக இருக்கும் தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும் வந்தார்கள். அவருக்குப் போசரியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. வண்டி உதிரி பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவு அவர் பொறுப்பில் இருப்பதாக அப்பா விசாரித்து வைத்திருந்தார். நம் பெண்ணுக்கும் பெயிண்டில்தானே பைத்தியம், பொருத்தம் இதைவிட எப்படி அமையும் என்று அம்மாவிடம் சொல்லிப் பூரித்துப்போனார். "சும்மா பாத்துட்டுப் போகட்டும் அம்மிணி, வந்தன்னைக்கே தாலியா கட்டப்போறாங்க?" என்று அத்தையிடம் சொன்னதற்கு, "பாக்கலாங்கண்ணா" என்று பதில் வந்தது.

எனக்கு அவசரம் வேறு. கீழ்வீட்டுத் தோழியிடம், அத்தை கல்யாணத்தில் பாண்டு வாத்தியத்துக்கு முன்னால் நான்தான் ஆடப்போகிறேன் என்று ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தேன். மாப்பிள்ளை ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது அவள் மாடிப்படியில் நின்று பார்த்தாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அவர்கள் வந்து உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் சாலைப் பள்ளங்களைப் பற்றியும் பேசி முடித்த சமயம், உள்ளேயிருந்து கம்ப்ரசர் சத்தம் கிளம்பியது. அப்பா சிரித்த முகம் மாறாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போனாள். சற்று நேரம் கழித்து வந்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"இப்பத்தான் ரெண்டு கலரும் சேர்ற எடத்துக்கு வந்திருக்குதாமுங்க. நடுவுல நிறுத்துனா கோடு விழுந்துருமாம்."

"அச்சா, வீட்டுக்குக் கலர் அடிக்கிறாளா?" என்றார் அந்த அம்மாள்.

அப்பா என்னை அனுப்பினார். பீரோவிலிருந்து எடுத்து வைத்த பட்டுப்புடவை கட்டில்மேல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அத்தை பழைய டீ-ஷர்ட்டில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எப்போதும் நிற்காத கை அன்று ஓரிடத்திலேயே நின்றது. இறக்கையில் நீலம் தேங்கி வழிந்தது. அவள் அதைத் துடைக்கவுமில்லை. "பாதியில நிறுத்த முடியாதுன்னு சொல்லு கண்ணு" என்றாள், திரும்பாமலே.

நான் ஹாலுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்கு இல்லை, பொம்மை விமானத்துக்கு என்று விளக்கமும் கொடுத்தேன். அந்த அம்மாள் பொண்ணுக்கு என்ன வயசு என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். ஜாதகத்திலேயே இருந்த விஷயம்தான். அப்பா குனிந்து பஜ்ஜித் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். வெட்கத்தில் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. படியில் கீழ்வீட்டுப் பெண் இன்னும் நிற்கிறாள் என்பது அவளுடைய செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

மாப்பிள்ளை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "என்ன பெயிண்ட் பாப்பா அது? தின்னர் கலக்கறதா, தண்ணி கலக்கறதா?"

எனக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்வியை அன்று கேட்டவர் அவர் ஒருவர்தான். "தண்ணிதான் அங்கிள். வாசனையே வராது" என்றேன் பெருமையாக.

அவர் நிமிர்ந்து என் அம்மாவைப் பார்த்தார். அம்மா காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். அவர் மிச்சமிருந்த டீயை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். "வாம்மா, போலாம். நடுவுல நிறுத்தக் கூடாதுதான். கோடு விழுந்துரும்" என்றார். அப்பாவிடம், எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வாசலில் ஷூ மாட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. குனிந்தபடியே என்னிடம் சொன்னார்: "அத்தைகிட்ட சொல்லு. கோடு விழாம நல்லா வரட்டும்னு."

அவர்கள் லிப்டில் இறங்கியதும் அப்பா சோபாவில் சாய்ந்து, "எம் மூஞ்சியில கரியப் பூசிட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அழுகையும் கோபமுமாக நான் உள்ளே ஓடினேன்.

கம்ப்ரசர் நின்றிருந்தது. அத்தை டிரை பால்கனிப் படியில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டு மானமே போயிருக்கும்போது இவர்களுக்குச் சிரிப்பு எப்படி வருகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தைக்கு உறைக்கட்டும் என்றே மாப்பிள்ளை சொல்லியனுப்பியதை ஒப்பித்தேன்.

"அப்படியா சொன்னாரு?" என்று அத்தை இன்னும் சிரித்தாள். "வேற என்ன கேட்டாரு?"

"தின்னரா தண்ணியான்னு கேட்டாரு. தண்ணின்னேன்."

அம்மாவின் கை வாயிலிருந்து இறங்கியது. அத்தை கரண்டியைத் தட்டில் வைத்தாள், தட்டைத் தரையில் வைத்தாள். முகம் கறுத்துப்போயிற்று. அவர் போகும்போது எப்படிப் போனார் என்று கேட்டாள். ஷூ மாட்ட நேரமானதைச் சொன்னேன். அதன்பிறகு அந்தக் கேசரியை அவள் தொடவில்லை.

தண்ணீர் கலந்த சாயம் தூவித் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். நிறுத்தி, காயவிட்டு, பார்த்து, மறுபடி தூவினால்தான் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையும். பாதியில் எழுந்து போனால் கோடெல்லாம் விழாது. ஞாயிறுதோறும் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். தோசைக்குக் கூப்பிட்டவள் அம்மா. மாப்பிள்ளைக்கோ பெயிண்ட் அடிப்பதுதான் தொழில். இருந்தும் அன்று எனக்கு அது எட்டவில்லை; மாப்பிள்ளையை நேரில் பார்க்காமல் விட்டோமே என்று அத்தை வருந்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரை பால்கனிக் கம்பி வழியாகப் பார்த்தால் வண்டி நிறுத்துமிடம் தெரியும். அத்தை எழுந்து கீழே பார்த்தாள், சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள். அந்த இடத்தில் நான் போய் நின்றேன். அந்த அம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை ஸ்கூட்டர் இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த பிறகும் ஏறாமல், கைப்பிடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கீழ்வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, இந்த மனிதர் சீக்கிரம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனால் என்ன என்றுதான் எனக்கு இருந்தது.