ஞானம் அக்கா வெட்டிய படம்

ஊர்காவற்றுறையில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஞானம் அக்கா சென்ற செவ்வாய்க்கிழமை காலமானார். கடை வாசலில் சீமெந்து இறக்கிக்கொண்டு நின்றபோது அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். லொறிக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் இருந்தேன். கலியாணத்துக்கும் அடையாள அட்டைக்கும் அக்கா எடுத்த படங்கள் உங்கள் வீடுகளில் இருக்கும். நான் எழுத வந்தது அவருடைய மற்றக் கமராவைப் பற்றி.

அதற்கு இரண்டு வில்லைகள். கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் வாங்கியது. நம் இரண்டு கண்களுக்கு உள்ள இடைவெளிதான் வில்லைகளுக்கும். ஒரே அமத்தலில் இரண்டு படம் விழும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்வைப்பெட்டிக்குள் வைத்தால் கிட்ட உள்ளது கிட்டவும் தூர உள்ளது தூரவும் நிற்கும். வெள்ளைக்காரர் காலத்தில் பெரிய வீடுகளில் விருந்தாளிகளுக்குக் காட்டிய வித்தை. சினிமா வந்ததும் மறந்துவிட்டார்கள்.

“இதிலை என்ன லாபம் அக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒரு கண்ணாலை பாக்கிறது விலை கேக்கிற மாதிரி. இரண்டு கண்ணாலை பாக்கிறதுதான் சாமானைத் தொட்டுப் பாக்கிறது” என்றார். இடம்பெயர்ந்தபோது நகைப்பெட்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, நெகட்டிவ்களைத் தானே சுமந்தவர்.

லாபம் எனக்கு நெடுந்தீவில் தெரிந்தது. நான் தெற்கில் கடை நடத்திய காலத்தில் எங்கள் வளவின் எல்லை மதில் விழுந்து, கல்லும் எங்கேயோ போய்விட்டது. திரும்பி வந்தால், கிணறு தன்னுடையது என்கிறார் பக்கத்து வளவு மகாலிங்கம். அந்தப் பகுதியில் உப்பில்லாத கிணறு அது ஒன்றுதான். அது இல்லாமல் அங்கே வீடு கட்டுவது வீண். காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. தங்கையின் கலியாணத்தன்று அக்கா எங்கள் முற்றத்தில் நின்று எடுத்த இரட்டைப் படத்தில் மதிலும் கிணறும் இருந்தன. மதிலுக்கு முன்னால் கிணறு நின்றால் அது எங்களுடையது. ஆனால் இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பூவரச மரம் மறைத்தது. எது முன்னால், எது பின்னால் என்று வெறுங்கண்ணால் சொல்ல ஏலாது.

அக்கா புதிதாகப் பிரதி எடுத்தார். “நடுவாலை வெட்டி, இடம் வலம் மாத்தி ஒட்டவேணும்” என்றார். வெட்டினால் ஆதாரம் கெட்டுவிடும், முழுசாகவே கிடக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உடைத்த பெட்டியை யார் வாங்குவார் என்கிற வியாபாரிப் புத்தி. அவர் சிரித்துவிட்டு, கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு வள்ளம் ஏறினார்.

ஊர் வழக்குப் பேசித் தீர்க்கும் விதானையார் முன்னிலையில் மகாலிங்கம் முதலில் பார்த்தார். “ஆகா! மதில் முன்னுக்கு, கிணறு பின்னுக்கு! நீரே எனக்குச் சாட்சி கொண்டந்திட்டீர்!”

நானும் பார்த்தேன். அப்படித்தான் தெரிந்தது.

அக்கா அசையவில்லை. “மகாலிங்கம், இன்னொருக்காப் பாரும். மேகம் எங்கை நிக்குது?”

“மேகம்... பூவரசுக்கு முன்னாலை.”

“ஓ! உங்கட ஊரிலை மேகம் கிணத்தடிக்கு வந்து தண்ணி குடிக்கிறதோ?”

விதானையார் விழுந்து விழுந்து சிரித்தார். வில்லை எல்லாவற்றையும் தலைகீழாக்குவதால், பிலிமை நிமிர்த்திப் பிடிக்கும்போது இடக்கண்ணின் படம் வலப்பக்கம் வந்துவிடும், மாற்றாமல் பார்த்தால் முன் பின்னாகும் என்று அக்கா விளக்கினார். கத்தரிக்கோலை எடுத்தார். “ஐயோ, அக்கா!” என்று நான் கத்தினேன்.

“பொறும் சீமெந்துக்காரா. பையை வெட்டாமலோ நீர் வீடு கட்டிறது?”

வெட்டினார், மாற்றி வைத்தார், பெட்டியை மகாலிங்கத்திடமே நீட்டினார். அவர் நீண்டநேரம் பார்த்தார். “ஓம்... மேகம் தன்ர இடத்துக்குப் போயிட்டுது. கிணறு இஞ்சாலை, மதில் அங்காலை. கிணறு உம்மடதான்.”

வெட்கத்தை விட்டுக் கைதட்டினேன். கடலில் எத்தனையோ தரம் சரக்கோடு வந்திருக்கிறேன். அன்றுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்ததில்லை. வெட்டிய அந்தப் படமும் பார்வைப்பெட்டியும் இன்று என் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றோடு அக்கா அந்த இடத்திலேயே எங்கள் இருவரையும் சம்மதிக்கவைத்த பேச்சும் என்னிடம் இருக்கிறது. நான் உள்ளவரை மாறாது: கிணறு எனக்கு. மகாலிங்கம் வீட்டார் காலையில் நாலு குடம், பின்னேரம் நாலு குடம், கேட்காமலே அள்ளலாம், கோடையிலும். புது மதிலுக்குக் கல் அவருடையது, சீமெந்து என்னுடையது. அந்த மதிலில் கிணற்றுக்கு நேரே போக வர ஒரு படலை, பூட்டில்லாமல்.