புகைபோக்கிகளுக்குக் கீழே

1. முதல் நாள்

கிளிநொச்சி அரிசி ஆலையில் கிளாக்கராகச் சேர்ந்த அன்று, கதிரையில் உட்காருமுன்னரே முதலாளி என்னைச் சுவரிலிருந்த ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்தினார். பொயிலர் பூட்டித் தந்த கொழும்பு இஞ்சினியர் அன்பளிப்பாகக் கொடுத்த படம். சீமையிலுள்ள ஏதோ தொழிற்சாலையை மரக்கட்டையில் வெட்டி, கறுப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். புகைபோக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் சரிந்திருந்தன. அடியில் கண், மூக்கு இல்லாத ஐந்து பேர். படத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"நீ படிச்சனியெல்லே. இதில என்ன இருக்கெண்டு சொல்லு பாப்பம்."

"தொழிற்சாலை, முதலாளி."

"அது என்ரை வண்டில் மாட்டுக்கும் தெரியும். வேறை?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அங்கே படம் பார்க்கச் சொல்லித் தரவில்லை. அதன்பிறகு வட்டக்கச்சி வயல் நெல்லும் அக்கராயன் வயல் நெல்லும் வந்து குவிந்தன. நிறுத்து, எழுதி, களைத்து நிமிரும்போதெல்லாம் அந்தக் கோணல் கோடுகள்தான் கண்ணில் பட்டன.

2. ஆயுதபூசை

தராசு, மெசின், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். பொயிலருக்கு உமி தள்ளும் செல்லையா அண்ணை, மிஞ்சிய சந்தனத்தைக் கொண்டுவந்து படத்திலிருந்த ஐந்து பேருக்கும் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டார்.

முதலாளி துள்ளினார். "நாளைக்கு இஞ்சினியர் வாறார்! அவரின்ரை படத்தில சந்தனம் பூசிப்போட்டு நிக்கிறாய். இனி வேலைக்கு வராதை!"

"மெசினுக்கெல்லாம் வச்சாச்சு. இவங்களும் வேலைதானே செய்யிறாங்கள்," என்றார் அண்ணை. அதற்குமேல் வாதாட அவருக்குத் தென்பில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "படிச்சவரே, நீர் சொல்லும். படம் பழுதோ, இல்லையோ?"

பார்த்தேன். எப்போதும் புகைபோக்கியிலேயே நின்றுவிடும் என் கண்ணை மஞ்சள் பொட்டுகள் கீழே இழுத்தன. சரிந்த கோடுகள் எல்லாம் அந்த ஐந்து பேரின் தோள்களில் வந்து இறங்கின. பொயிலர் வாயில் அண்ணை குனியும் அதே குனிவு.

"பழுதில்லை, முதலாளி. இவையின்ரை களைப்பைத்தான் கீறியிருக்கு."

"களைப்பையும் ஆரும் படமாக் கீறுவினமோ?" கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்தார். "சரி. இஞ்சினியர் ஏசினாரெண்டால் ரெண்டு பேரும் ஒண்டா நடையைக் கட்டுங்கோ."

3. மறுநாள்

இஞ்சினியர் வந்தார். பொயிலரைத் தட்டிப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், போனார். சுவர்ப் பக்கம் திரும்பவேயில்லை. அண்ணை மறுபடி உமி தள்ளப் போனார்.

பின்னேரம் சாம்பல் முகத்தோடு, நான் கணக்கெழுதும் கந்தோர் வாசலில் வந்து நின்று படத்தைக் காட்டினார். "தம்பி, இவங்களுக்கு எப்ப வேலை முடியும்?"

"தெரியேல்லை, அண்ணை."

சந்தனம் உதிர்ந்துவிட்டது. கறை இருக்கிறது. எனக்குப் பிறகு இந்தக் கதிரைக்கு வருகிறவரிடமும் இந்தப் படத்தில் என்ன இருக்கிறதென்று முதலாளி கேட்பார். அப்படி வருகிறவரே, படத்தைக் கீழிருந்து பார்க்கத் தொடங்குங்கள். அங்கே ஆட்கள் நிற்கிறார்கள்.