இல்லாத ஆட்களின் வாக்கு

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருப்பவர்களும் அங்கே வேலைக்கு வந்துபோகிறவர்களும் குறைகளைக் கொட்டித் தீர்க்க ஓர் இணையக் குழு உண்டு. அதன் நிர்வாகி கருணாகரன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்துக்கான உதிரிபாகங்களைச் சோதித்து வாங்கும் பிரிவில் பெர்மனென்ட் ஆனவர். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாதே என்பது வேலை அவருக்குக் கற்றுத்தந்தது. அதையே மனிதர்களுக்கும் பொருத்திக்கொண்டார். அது பெரிய அறிவு என்று சொல்வதற்கில்லை; சந்தேகப்படுவதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

குழுவில் ஒவ்வொரு மாதமும் அதிக வாக்கு பெறும் குறையை அவர் மனுவாக அலுவலகத்தில் கொடுப்பார். ஒன்றுக்கு மேல் கொண்டுபோனால் அங்கே யாரும் படிப்பதில்லை. அந்தச் சித்திரையில் போட்டி இரண்டு குறைகளுக்கு இடையே. ஒன்று, பூங்கா நடைபாதைக்கு விளக்கு. மற்றொன்று, காண்ட்ராக்ட் ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் கூரை. போன வாரம்தான் அங்கே ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்திருந்தார். கூரை கேட்டு எழுதியது கார்முகில். ஆதரித்தவர்கள் இளம்பரிதி, இசைப்பிரியா, வளர்மதி என்று வரிசையாக வந்தார்கள்.

எவனோ கவிதை எழுதுகிறவன் உட்கார்ந்து பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று கருணாகரன் தன் மனைவி சந்திராவிடம் சொன்னார். அவர் ஊரில் பிள்ளைகளுக்கு யாரும் இப்படிப் பெயர் வைத்ததில்லை. தோண்டிப் பார்த்தபோது, கூரைக்கான எல்லா வாக்கும் ஒரே இணைய இணைப்பிலிருந்து, முதல் ஷிப்ட் முடிந்த கையோடு விழுந்திருந்தது. ஒரே ஆள், பல வேஷம். அத்தனையையும் நீக்கினார். விளக்கு முந்தியது.

கார்முகிலிடமிருந்து செய்தி வந்தது. நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து பாருங்கள் என்றது. கையும் களவுமாகப் பிடிக்கும் எண்ணத்தோடுதான் கருணாகரன் மறுநாள் போனார்.

ஒரு மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் நின்றிருந்தார்கள். கார்முகில் முன்னால் வந்தான். இவன்தான் இளம்பரிதி என்று ஒருவனைக் காட்டினான். சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருப்பான் என்று கருணாகரன் நினைத்தார். அதற்குள் துப்புரவு வேலை முடித்த பெண்கள் சாலையைக் கடந்தார்கள். அவரை யாரென்றே தெரியாத ஒருத்தி திரும்பி, "ஏய் இசைப்பிரியா, சேத்தியாத்தோப்பு வண்டி வந்துருச்சு, வாடி" என்று கத்தினாள்.

கருணாகரன் பிடியை விடவில்லை. "அப்ப எல்லாருக்கும் ஒரே இணைப்பு எப்படி?"

"ஒருத்தன் நெட்டு போட்டா அதுல எல்லாரும் பாத்துகினு போவோம் சார்" என்றான் கார்முகில். "ஏன், உங்க வூட்ல ஆளுக்கொரு லைன் இழுத்து வச்சிருக்கீங்களா?"

"பேரு?"

"எங்கப்பா வச்சாரு. அவரையும் நீக்கிடுவீங்களா?"

கூட்டம் சிரித்தது. கருணாகரன் சிரிக்கவில்லை. அவர் வீட்டு வைஃபையிலிருந்து அவரும் சந்திராவும் மகன் ஹரியும் விளக்குக்கு வாக்களித்திருந்தார்கள். அதை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை. அவர்கள் இருப்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நீக்கிய வாக்குகளைத் திருப்பிப் போட்டார். கூரை மேலே வந்தது. தவறு தன்னுடையது என்று குழுவில் ஒரு வரி எழுதினார்.

சந்திராவுக்கு முகம் சுண்டிவிட்டது. பூங்காவில் இருட்டில் நடப்பவள் அவள்தான். "நேர்ல போய்ப் பார்த்தீங்க, நம்புறீங்க. இதுக்கு முன்னாடி தூக்குனவங்களை எல்லாம் போய்ப் பார்த்தீங்களா?"

கருணாகரன் போனை எடுத்தார். குழுவில் அதற்குள் யாரோ பெயரில்லாத ஒருவர், காண்ட்ராக்டரிடம் குழு நிர்வாகி எவ்வளவு லஞ்சம் வாங்கினார் என்று கேட்டிருந்தார். அதற்கு மளமளவென்று ஆதரவு ஏறிக்கொண்டிருந்தது. அது எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று பார்க்க அவர் விரல் போனது. பார்த்தார். பல இணைப்புகளிலிருந்து வந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டு, கூரைக்கான மனுவை எழுத உட்கார்ந்தார்.